எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்: வாங்கும்போதும் பழக்கும்போதும் நேரும் தவறுகள்

டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று என்று சோபா இடுக்கில் மூன்று ரிமோட்டுகள் கிடக்கும் வீட்டில், எல்லாவற்றுக்குமாக ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் என்றாவது எழுந்தே தீரும். வாங்கிய ஒரு வாரத்தில் அது இழுப்பறைக்குப் போய்விடுவதும் வழக்கம்தான். அதற்குக் காரணமான பிழைகளில் பெரும்பாலானவை நாம் செய்பவை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. குறைந்த விலையில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட்டுகள் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரால் மட்டுமே கட்டளை அனுப்புபவை. டி.வி.க்கும் பெரும்பாலான செட்டாப் பாக்ஸுகளுக்கும் அது போதும். ஆனால் அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக்கில் அந்தக் கதிரை வாங்கும் உணரியே கிடையாது. அதன் ரிமோட் புளூடூத் வழியாகவே அதனுடன் பேசுகிறது. எனவே வாங்குவதற்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொரு ரிமோட்டின் முனையையும் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி மினுங்கினால் அது அகச்சிவப்பு. எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஃபயர் ஸ்டிக் ரிமோட்டில் டி.வி.க்கான பவர், ஒலி பொத்தான்கள் மினுங்கும், அம்புக்குறிப் பொத்தான்கள் மினுங்கா.

யுனிவர்சல் ரிமோட் எந்தக் கருவியை இயக்க வேண்டும் என்பதை அதற்குச் சொல்ல, கருவியின் நிறுவனத்துக்கேற்ற குறியீட்டு எண்ணை அதில் பதிய வேண்டும். எல்லாவற்றிலும் பரவலான தவறு, டி.வி.யை அணைத்த முதல் குறியீட்டையே சரியான குறியீடு என்று ஏற்றுக்கொள்வது. ஒரே நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ரிமோட்டுடன் வரும் கையேட்டில் ஐந்தாறு எண்கள் இருப்பதற்குக் காரணம், வெவ்வேறு மாடல்கள் வெவ்வேறு கட்டளைத் தொகுப்புகளைப் பின்பற்றுவதுதான். அவற்றுள் இரண்டு தொகுப்புகளுக்குப் பவர் பொத்தான் பொதுவாக அமைந்து, மற்றவை மாறுபடலாம். எங்கள் வீட்டில் மூன்றாவது எண்ணுக்கு டி.வி. அணைந்தது, ஒலியும் கூடிக் குறைந்தது. அத்துடன் திருப்தியடைந்து விட்டுவிட்டேன். எந்தக் கருவியின் படம் திரையில் வர வேண்டும் என்று மாற்றும் சோர்ஸ் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்பதால், இரண்டு மாதங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து போய் டி.வி.யின் பின்புறம் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த எண்ணைப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. ஆகவே ஒலி, சோர்ஸ், மெனு, எண் பொத்தான்கள் ஆகிய அனைத்தையும் சோதித்த பிறகே குறியீட்டை உறுதிசெய்யுங்கள். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பது நல்லது, ஏனெனில் சில ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றியதும் அதை மறந்துவிடுகின்றன.

குறியீடு கிடைக்காதபோது, பழைய ரிமோட்டின் கட்டளைகளைப் புதியதற்குக் கற்றுக்கொடுக்கும் வசதி கைகொடுக்கும். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு செய்யாமல், மேசைமேல் முனைக்கு முனை நேராக, மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். பழைய ரிமோட்டில் தீர்ந்துபோகும் நிலையிலுள்ள பேட்டரி இருந்தால் பதிவு அரைகுறையாகும். நேர் வெயிலும் கெடுக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. ரிமோட் கட்டளைகளை அனுப்ப பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.5 என்ற முறையில், ஒவ்வொரு புதிய அழுத்தலுக்கும் ஒரு பிட் (0 அல்லது 1) மாறிமாறி அனுப்பப்படுகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறோமா, இரண்டாம் முறை அழுத்தினோமா என்பதைக் கருவி அதைக்கொண்டே அறிகிறது. சாதாரணக் கற்கும் ரிமோட் ஒரே பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால், 55 என்று அழுத்தினால் 5 மட்டும் பதிவாகக்கூடும். இடையே வேறொரு பொத்தானைத் தட்டினால் இரண்டாவது 5 ஏற்கப்படுகிறது என்றால் சிக்கல் இதுவே.

ஒரே அழுத்தலில் எல்லாவற்றையும் இயக்கும் வசதியில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அகச்சிவப்பு ரிமோட்டுக்குச் சொல்ல மட்டுமே தெரியும், பதில் கேட்கத் தெரியாது. பவர் கட்டளை பெரும்பாலும் ‘நிலையை மாற்று’ என்பதாகவே இருப்பதால், டி.வி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது அணைந்து, சவுண்ட்பார் மட்டும் உயிர்பெறும். இத்துடன், எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளையிடும் சி.இ.சி. வசதியும் இயங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க் என்றும் பெயர் பெற்ற இந்த வசதி, டி.வி. இயங்கியதும் சவுண்ட்பாரைத் தானே எழுப்பிவிடும்; பின்னால் வரும் ரிமோட்டின் கட்டளை அதை உடனே அணைத்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சி.இ.சி. ஒழுங்காக இயங்கும் வீட்டில் யுனிவர்சல் ரிமோட்டே தேவையில்லாமல் போகலாம் என்பது என் கருத்து.

ரிமோட்டின் கட்டளைக்கு டி.வி. சில நேரம் மட்டும் பணியவில்லை என்றால், அதன் அடியிலுள்ள உணரியை சவுண்ட்பார் மறைக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரி ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போடாதீர்கள்.

பழைய ரிமோட்டுகளைக் குப்பையில் போட வேண்டாம். புதியது கீழே விழுந்து உடைந்தால், அடுத்ததற்குக் கற்றுக்கொடுக்க அவைதான் வேண்டும். பேட்டரிகளைக் கழற்றிவிட்டு ஓர் உறையில் போட்டு வையுங்கள்; கழற்ற மறந்தால் ரசாயனம் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.