மீண்டும் சேர்ந்த மெட்டல் குழுவின் ஆல்பம்: எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிந்துபோன ஹெவி மெட்டல் குழு பல வருடம் கழித்துச் சேர்ந்து ஓர் ஆல்பம் கொண்டுவந்தால், ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ரசிகர்களிடமிருந்து முதல் நாளே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும்: "பழைய மாதிரி இல்ல", "அப்படியே பழைய மாதிரி இருக்கு". எந்தப் பழையதோடு ஒப்பிடுகிறோம் என்பதை இரண்டு தரப்பும் யோசிப்பதில்லை. பெரும்பாலான மதிப்பீடுகள் சறுக்குவது அங்கேதான்.

குழுவின் உச்ச ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பது முதல் தவறு. அதற்குப் பதிலாக மூன்று ஆல்பங்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: பிரிவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம், விலகியவர் வெளியே இருந்தபோது செய்தது, அவர் இல்லாமல் குழு செய்தது. அயர்ன் மெய்டனின் 2000ஆம் ஆண்டு 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்றால், புரூஸ் டிக்கின்சன் விலகுமுன் பாடிய 1992இன் 'ஃபியர் ஆஃப் தி டார்க்', குழுவிலிருந்து முன்பே விலகியிருந்த கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் தனியாகச் செய்த 1998இன் 'தி கெமிக்கல் வெட்டிங்', பிளேஸ் பெய்லி பாடிய அதே ஆண்டின் 'விர்ச்சுவல் லெவன்'. இந்த வரிசையில் கேட்டால் இரண்டு விஷயம் பிடிபடும். நீளமான பாட்டுகள் டிக்கின்சனோடு திரும்பி வந்தவை அல்ல. பெய்லி காலத்திலேயே குழு அந்தப் பாதையில்தான் இருந்தது. புதிதாக வந்தது மூன்று கிட்டார். ஸ்மித் திரும்பியபோது, அவர் இடத்துக்கு வந்திருந்த யானிக் கெர்ஸ் விலகவில்லை. ஆக, மதிப்பீட்டில் எழுத வேண்டிய கேள்வி, மூன்றாவது கிட்டார் தனக்கென்று ஏதாவது வாசிக்கிறதா என்பது.

ஜூடாஸ் பிரீஸ்டுக்கும் இதே வழிதான். 2005இன் 'ஏஞ்சல் ஆஃப் ரெட்ரிபியூஷ'னை எல்லோரும் 1990இன் 'பெயின்கில்லர்' பக்கத்தில் மட்டும் வைக்கிறார்கள். குழுவிலிருந்து விலகியிருந்த பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 2000இல் வெளியிட்ட 'ரெஸரக்‌ஷ'னைத் தயாரித்த ராய் ஸீதான் 2005 ஆல்பத்தின் தயாரிப்பிலும் இருந்தார். ஒலியின் வேர் அங்கே இருக்க, பதினைந்து வருடம் தாண்டிப் போய்த் தேட வேண்டியதில்லை.

உறையில் இருக்கும் பெயரை நம்பிவிடுவது அடுத்த தவறு. பிளாக் சாபத்தின் '13' வெளியான 2013இல் ஆஸி ஆஸ்பார்ன், டோனி ஐயோமி, கீஸர் பட்லர் மூவரும் இருந்தார்கள்; பில் வார்டு இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் பிராட் வில்க். பழைய பதிவுகளில் வார்டு தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஜாஸ் சாயலோடு ஊஞ்சலாட விடுவார். வில்க் நேராக அடிப்பவர். 'ரிஃப் கனமாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது' என்று எழுதுகிறவர்கள் (ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கிட்டாரைக் குறை சொல்கிறார்கள். குறை டிரம்ஸில் இருக்கலாம். இதற்கு நேர் எதிராக, 2009இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற குழுப்பெயரில் வந்த ஆல்பத்தில் இருப்பவர்கள், பாடகர் டியோவோடு 1992இல் பிளாக் சாபத் என்ற பெயரில் 'டீஹியூமனைஸர்' செய்த அதே நால்வர். பெயர்தான் வேறு.

சத்த அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவதுதான் நேர்மையான கேட்பைக்கூடக் கெடுக்கிறது. 2000க்குப் பிந்திய மெட்டல் ஆல்பங்களில் பல, மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுமுன் ஒலியை இறுதியாகச் சரிசெய்யும் கட்டத்தில், நெருக்கிப் பிழியப்பட்டவை; மெல்லிய பகுதியும் பலத்த பகுதியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். '13' மீதும் இந்தப் புகார் உண்டு. பழைய ஆல்பத்தை அதே வால்யூமில் வைத்தால் முதலில் புதியது 'பவர்' ஆகவும், இருபது நிமிடத்தில் காது களைத்துப்போய் 'இரைச்சல்' ஆகவும் தோன்றும். இரண்டுமே ஆல்பத்தின் குணம் அல்ல. ஆப்பில் சத்தத்தைச் சமப்படுத்தும் வால்யூம் நார்மலைஸேஷனைப் போடுங்கள். ஸ்பாட்டிஃபையில் சாதாரண அமைப்பு -14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்த அளவின் அலகு). சிடி என்றால், பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கும்வரை கையால் திருகுங்கள். பிறகு ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடியைக் கவனியுங்கள். குரலுக்கு மேலே தெறித்து வந்தால் மாஸ்டரிங்கில் மூச்சு இருக்கிறது. கிட்டாரோடு அப்பிக்கிடந்தால் இல்லை. அந்தக் குறையை மாஸ்டரிங் கணக்கில் எழுதுங்கள், பாட்டின் கணக்கில் வேண்டாம்.

நம் மலைக்கே உரிய தவறு ஒன்று: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸில் முதல் முறை கேட்பது. சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். காற்றழுத்தம் குறையும்போது செவிப்பறையின் இரு பக்கமும் சமமாகும்வரை காது அடைத்தே இருக்கும்; ஒலி மங்கிவிடும். கீழ் கியரில் உறுமும் டீசல் எஞ்சின் பாஸ், கிக் டிரம் போன்ற கீழ் ஒலிகளை விழுங்கிவிடும். பட்லரின் பாஸ் கேட்காமல் சாபத் ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதவே முடியாது. வீட்டில் தகரக் கூரை மீது மழை கொட்டும்போது நேர் எதிராக, சிம்பல் போன்ற மேல் ஒலிகள் கேட்காமல் போய்விடும். எச்சில் விழுங்கிக் காது 'படக்' என்று திறந்து, மழை விட்ட பிறகு உட்காருங்கள்.

குரலை எடைபோடும்போது வயதை மறக்கவும் கூடாது, சலுகையாக ஆக்கவும் கூடாது. '13' வந்தபோது ஆஸிக்கு 64 வயது. 1970களின் உச்சஸ்தாயியைத் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் நடுத்தர ஸ்தாயியிலேயே பாடுகிறார். அந்த எல்லைக்குள் மெட்டு தானாக நிற்கிறதா, ரிஃப்பின் நிழலாகவே நகர்கிறதா என்று பாருங்கள். கிட்டாரின் ஸ்ருதி இறங்கியிருந்தால் உடனே குரலுக்காக இறக்கினார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். விபத்தில் விரல்நுனி இழந்த ஐயோமி, கம்பிகள் தளர்வாக இருக்க 1971லேயே மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தவர். அவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபோது உருவான ஆல்பம் '13' என்பதற்காக மதிப்பெண்ணை ஏற்றுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அந்த ரிஃப்களுக்கு இரக்கம் தேவையில்லை.

எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். '13'இன் சாதாரணப் பதிப்பில் 8 பாட்டுகள். டீலக்ஸில் 3 கூடுதல். ஆல்பம் மழை, இடி, மணியோசையோடு முடிகிறது. 1970இல் அவர்களுடைய முதல் ஆல்பம் தொடங்கிய அதே ஒலிகள். கூடுதல் பாட்டுகள் தொடர்ந்து ஓடினால் அது முடிவாகவே காதில் விழாது. முதல் முறை எட்டாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். மீதி மூன்றையும் வேறொரு நாள் தனியாகக் கேட்கலாம்.