தட்டட்டியில் மீன் படம்: ஒரு பழைய ஆபரேட்டர் சொல்லும் செய்முறை

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன் நான். இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் எரியவிட்டு அந்த வெளிச்சத்தில் படம் காட்டின காலம். இப்போது மே மாதம் பிறந்தால் பேரன் பேத்தி, மச்சினன் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது உருப்படி வீட்டில் சேர்ந்துவிடும். ஆளுக்கொரு செல்போனோடு மூலைக்கு ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நாலு வருஷமாகத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கார்ட்டூன் படம் போடுகிறேன்.

முதலில் நாள் பாருங்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் வேண்டாம், நிலா எப்போது வரும் என்று பார்த்தால் போதும். அமாவாசையை ஒட்டிய நாள் உத்தமம். பௌர்ணமி கழிந்து நாலு நாள் ஆனாலும் சரிதான், நிலா ஒன்பது மணிக்கு மேல்தான் தலை காட்டும். நம்ம பக்கம் மே மாதம் ஆறரை மணி வாக்கில் பொழுது அடையும். ஏழேகாலுக்கு முன்னால் படம் போட்டால் திரையில் சாம்பல்தான் தெரியும்.

திரைக்கு எட்டு முழ வேட்டி. கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. பின்னால் ஒரு கறுப்புப் போர்வையையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒற்றை வேட்டி என்றால் பாதி வெளிச்சம் மறுபக்கம் ஓடிப்போய் எதிர்வீட்டுக்காரர்தான் படம் பார்ப்பார். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகிவிட்டால் காற்றுக்கு ஆடாது. தெருவிளக்கு திரையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

புரொஜக்டர் பக்கத்துவீட்டுத் தம்பியிடம் இரவல். முதல் வருஷம் அதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை விரித்து வைத்தேன். காற்றுப் போகிற துவாரத்தைத் துண்டு அடைத்துக்கொண்டது. படம் சூடு பிடிக்கிற இடத்தில் மிஷினும் சூடாகி அணைந்துவிட்டது. “தாத்தாவா ஆபரேட்டரு?” என்று ஒரு வாண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மரப்பெட்டி மேல் வையுங்கள், சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வைக்க வேண்டும். மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் மீன் முன்னால் நிற்கும், குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ப்ளூடூத்தில் சிலசமயம் வாயசைவுக்குப் பிந்திச் சத்தம் வரும், வயர்தான் நல்லது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். முதலில் வெக்கை கிளம்பும், பயப்படாதீர்கள். ஏழு மணிக்குள் காய்ந்து, பத்தமடைப் பாய் விரித்தால் குளுகுளுவென்று இருக்கும்.

என்ன படம்? போன வருஷம் நான் போட்டது ‘ஃபைண்டிங் நீமோ’. 2003-இல் வந்தது, 100 நிமிஷம். தொலைந்துபோன மகனைத் தேடி ஒரு அப்பா மீன் கடல் கடந்து போகும் கதை. எந்தப் படமானாலும் முந்தின நாள் தனியாக ஒருதடவை பார்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைப் படம்தானே என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இதில் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய மீன் வந்து தாய் மீனையும் ஒன்று தவிர மற்ற முட்டைகளையும் தின்றுவிடுகிறது. எனக்கே தொண்டையை அடைத்தது. ஆறு வயசுக்குக் கீழே உள்ளதுகளை அந்தக் காட்சி வருமுன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இடைவேளை கட்டாயம். எங்கள் கொட்டகையில் ஒரே மிஷின், ரீல் மாற்றுவதற்காகவே ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை விடுவோம். ஜனம் அந்த நேரத்தில்தான் கதையைப் பேசித் தீர்க்கும். வெளிநாட்டுக் கார்ட்டூனில் இடைவேளை கிடையாது, நாம்தான் வெட்ட வேண்டும். அப்பா மீன் சொறிமீன் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறதே, அங்கே நிறுத்தினேன். ஒரே கூச்சல்! நன்னாரி சர்பத்தும் முறுக்கும் கொடுத்து, “இனி என்ன ஆகும், சொல்லுங்கல” என்றேன். ஒன்பது பேரும் ஒன்பது கதை சொன்னார்கள். அதில் இரண்டு, படத்தில் உள்ளதைவிட நல்ல கதை.

பாஷை ஒரு தடை இல்லை. நாங்கள் பார்த்தது இங்கிலீஷ் குரல்தான். மூத்த பேத்தி கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மறுநாள் மத்தியானம் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பிள்ளைகளையே குரல் கொடுக்கச் சொன்னேன். அப்பா மீனுக்கு மச்சினன் பேரன் பேசினான்: “ஏலே, எங்கல போய்த் தொலைஞ்ச? ஒங்க அப்பன் உசிரு போவுதுல!” ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டு வரும் கடல் பறவைக் கூட்டத்துக்கு மீதி எட்டுப் பேரும் “எனக்கு! எனக்கு!” என்று அலறினார்கள். வீட்டு ஆச்சி அடுக்களையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். படத்தைவிட இதுதான் அவர்களுக்கு ஒரு வாரம் ஓடியது.

படத்துக்கு முந்தின பகல் வேலைகள் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் பதநீர். பிறகு ஆற்றில் குளியல், ஆழம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளை இறக்கவே கூடாது, தாமிரபரணியில் எங்கே பள்ளம் என்று மேலே பார்த்தால் தெரியாது. நுங்கு தின்ற கூந்தலை, அதாவது காலி மட்டையை, போட்டுவிடாதீர்கள். இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி.

அந்த வண்டியை வைத்தே நான் அவர்களுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். போன வருஷத்து நோட்டில் மிஞ்சின தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தாளின் ஓரத்தில் வண்டியை வரையவும். அதற்கு முந்தின தாளை மேலே மடக்கினால் அடியிலுள்ள கோடு மங்கலாகத் தெரியும். ஒரு நெல்மணி அகலம் தள்ளி மறுபடி வரையவும். இப்படி 24 தாள். பெருவிரலால் பின்னாலிருந்து சரசரவென்று விட்டால் வண்டி ஓடும். சினிமாவில் இந்த 24 படமும் ஒரே நொடி என்றேன். நீமோவுக்குக் கணக்குப் போடச் சொன்னால் 1,44,000 வந்தது. கடைக்குட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “கை வலிக்காதா தாத்தா?” என்றான்.

கடைசியாக ஒன்று: வேட்டியை அன்றைக்கு ராத்திரியே அவிழ்த்து நனைத்துவிடுங்கள். முறுக்கு தின்ற கையோடு ஒன்பது பேரும் மீனைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். நான் மறந்துபோய், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்ட வேண்டிய வேட்டியில் ஒன்பது எண்ணெய்க் கை. ஆச்சி ஏசின ஏச்சு ஆடி வரைக்கும் ஓயவில்லை.