வீடு வினைக்குள் புகுந்தால் வீட்டுக்காரர் எங்கே?

ஒரு பெயர்ச்சொல் தனியே நிற்காமல் வினைக்குள் போய் ஒட்டிக்கொள்வதைப் பெயர் உள்ளிணைவு என்கிறோம். சரி, அந்தப் பெயருக்கு ஓர் உடையவர் இருந்தால் அவர் என்ன ஆவார்? கனடாவிலும் நியூயார்க் மாநிலத்திலும் பேசப்படும் மோஹாக் மொழியை வைத்துப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: துண்டு துண்டாகப் பிரியுங்கள்

க-ரகம் நெ சவாத்திஸ் ஹ்ரவோ-நுஹ்ஸ்-அ
ஹ்ரவோ-நுஹ்ஸ்-ரகம் நெ சவாத்திஸ்

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: சவாத்திஸின் வீடு வெள்ளை. நுஹ்ஸ் என்றால் வீடு, ரகம் என்றால் வெள்ளையாக இருப்பது. (பேச்சில் 'மரம்' சொல்வது போல அந்த 'ம்'மை மூக்கோடு நிறுத்துங்கள். மோஹாக்கில் ப, ம போன்ற இதழொலிகளே கிடையாது. ழான் பத்தீஸ்த் என்ற பிரெஞ்சுப் பெயர்தான் அங்கே சவாத்திஸ்!)

படி 2: வினையின் முன்னொட்டைப் பாருங்கள்

முதல் வாக்கியத்தில் வினைக்கு முன் க- இருக்கிறது. அது அஃறிணை, வீட்டைக் குறிக்கிறது. இரண்டாவதில் ஹ்ரவோ-, அதாவது ஆண்பால். வீடு ஆண்பால் இல்லையே! வினை இப்போது சவாத்திஸோடு இயைகிறது.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். முதல் வாக்கியத்தின் வீட்டிலும் ஹ்ரவோ- இருக்கிறதே, 'அவன் வீடு' மொத்தமாக உள்ளே போய்விட்டதோ? அப்படியென்றால் அதற்கு முன்னால் க- அப்படியே நிற்க வேண்டும். அதைக் காணோம். உள்ளே போனது வீடு மட்டும்.

படி 3: கிளைப்படம் போடுங்கள்

கிளைப்படம் என்பது வாக்கியத்தில் எது எதற்குள் அடங்குகிறது என்று கிளை கிளையாகக் காட்டும் படம். மொழியியலாளர் மார்க் பேக்கர் 1988-இல் சொன்னபடி வரைந்தால், பெயர்த்தொடரின் தலையான (அதாவது முதன்மைச் சொல்லான) 'வீடு' மேலேறி வினையோடு சேர்கிறது. உடையவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், ஆனால் அவர் இனி வினையின் பொறுப்பு. 1989-இல் சாரா ரோசன் இதை மறுத்தார்: நகர்வே இல்லை, சொல்லாக்கத்திலேயே இரண்டும் ஒட்டிவிட்டன என்றார். எனக்குப் பேக்கர் பக்கம்தான் சாய்வு. தலை தனக்கு நேர் மேலே உள்ள வினைக்குத்தான் ஏற முடியும். செயலைச் செய்பவரைக் குறிக்கும் பெயர் வினைக்கு மேலே இருப்பதால் உள்ளே வராது. அந்தத் தடை தனியாக எழுதாமலே கிடைத்துவிடுகிறது.

படி 4: தமிழில் தேடும்போது கவனம்

'அவனைக் கைகழுவினார்கள்' உடனே நினைவுக்கு வரும். பெயர் வினையோடு ஒட்டியிருக்கிறது, வெளியே ஒரு செயப்படுபொருளும் நிற்கிறது. ஆனால் கை யாருடையது? கழுவியவர்களுடையது, அவனுடையது அல்ல. ஆக, வெளியே நிற்பவர் சவாத்திஸைப் போல உடையவர் இல்லை.