கையால் செய்த உகுலேலே: கண் ஏமாறும் இடங்கள்

கையால் செய்த உகுலேலேயை, அதாவது கிட்டார் மாதிரி இருக்கும் நாலு தந்திச் சின்ன வாத்தியத்தை, முதல்முறை தொடுபவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். மரத்தின் வரி மின்னுகிறது. "என்ன வேலைப்பாடு!" என்கிறார்கள். மின்னியது மரம், வேலைப்பாடு வேறெங்கோ இருக்கிறது. கீழே போடாதே, உறையில் வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

சுருள் வரிக்குக் காசு கொடுப்பது

பணத்தை விழுங்குவது இதுதான். எத்தனை பேர் செய்தாலும் பார்க்கிறவருக்கு எரிச்சல் குறையாத தவறும் இதுதான்.

ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் கோஆ. நம் வேலமரத்துக்குத் தூரத்து உறவு. சில கோஆ மரங்களில் நார் நேராக ஓடாமல் அலையலையாக ஓடும். இழைத்துப் பாலிஷ் ஏற்றினால் புலித்தோல் மாதிரி வரி விழும். விலை ஏறுவது அந்த வரிக்கு. அதில் ஆசாரியின் கை எதுவும் இல்லை.

சொல்லப்போனால், அந்த வரி ஆசாரிக்குத் தொல்லை. அலை நாரில் இழைப்புளியை ஓட்டினால் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வரும். பக்கப் பலகையை 2 மி.மீ.க்கும் கீழே இழைத்து, நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைப்பார்கள். நார் குறுக்கே வெளியேறும் இடத்தில் அது படக்கென்று முறியும். இந்தப் பயத்தில் சிலர் பலகைகளைக் கனமாகவே விட்டுவிடுகிறார்கள். மேல்பலகையையும் அப்படியே விட்டால் கதை முடிந்தது. பலகையின் கனம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். 1.6 மி.மீ. இருக்க வேண்டியதை 2 மி.மீ. ஆக விட்டாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நாலு நைலான் தந்திகளுக்கு அதை அசைக்கத் தெம்பு ஏது? சுண்டினால் 'டொக்' என்று ஒலித்து அடங்கும்.

கிட்டாரில் பேர் போன அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே இதில் மாட்டியிருக்கிறது. 1907இல் அவர்கள் செய்த முதல் உகுலேலேக்களில் கிட்டார் பழக்கத்தில் ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை போட்டு, உள்ளே தேவைக்கு மேல் பிரேஸும் (பலகையைத் தாங்கும் மரச்சட்டம்) ஒட்டினார்கள். எடுபடவில்லை. பிறகு பிரேஸைக் குறைத்து மஹோகனியில் செய்தபோதுதான் பேர் வந்தது. பெரும்பாலும் வரி கிரி எதுவும் இல்லாத, சாதுவான மஹோகனி.

எனவே முதலில் தட்டிப் பாருங்கள். தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பின்னால் விரல் நுனியால் லேசாகத் தட்டினால், நல்ல பலகை ஒரு சுரம்போல முழங்கும். கனத்தது மேசைபோலச் சத்தம் போடும். ஹொனலுலுவில் 1916இல் தொடங்கிய கமாகா பட்டறையில் காது கேளாதவர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, அதிர்வை விரலில் வாங்கியே பதம் சொல்லிவிடுவார்களாம். கனத்தைக் கண்ணால் பார்க்க ஒலித்துளையின் விளிம்பு போதும். ஆனால் சிலர் விளிம்புக்கு அடியில் வலுவுக்காக ஒட்டுத்துண்டு வைத்திருப்பார்கள். அதையும் சேர்த்து அளந்துவிட்டு "கனம்" என்று பழி போடாதீர்கள்.

உள்ளே எட்டிப் பார்க்காதது

பல் மருத்துவர் கண்ணாடி ஒன்று, சின்ன டார்ச் ஒன்று. பிரேஸ் முனைகள் மெலிந்து மெலிந்து பலகையோடு கரைய வேண்டும். ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிசின் காய்ந்திருப்பது குற்றமில்லை. பிரேஸுக்கும் பலகைக்கும் நடுவே தாள் நுழைந்தால் அது குற்றம். முகத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, உள்ளே உப்புத்தாளே படாமல் விட்ட வேலைகளும் உண்டு.

சிப்பி பதித்ததில் மயங்குவது

சிப்பிப் பட்டை கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. அடிப்பக்கத்தில் இரண்டு பட்டைகள் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். சாய்வாக அறுத்து இடைவெளியின்றிச் சேர்த்திருக்கிறதா, மாவடைத்து மறைத்திருக்கிறதா? அங்கே தெரிந்துவிடும்.

ஸ்டீல் தந்தி போடுவது

போடாதீர்கள். பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.

புதுத் தந்தியை வைத்துச் சுருதியைக் குறை சொல்வது

நைலான் தந்தியும் ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் தந்தியும் சில நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். தந்தி நிலைத்தபிறகு, 12ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தும் முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறிக் கேட்டால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னக் கட்டையின்) பள்ளம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்களுக்கு நடுவே தந்தியை அமுக்குங்கள்; முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால், அந்தப் பள்ளத்தை ஆழப்படுத்துவது சின்ன வேலை. இதற்காகக் கருவியையே திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃப்ரெட் குத்துகிறது என்று அரத்தை எடுப்பது

ஏசி அறையில் சில வாரம் திறந்து கிடந்தால் காற்றின் வறட்சியில் ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட்கள் பதித்த கழுத்துப் பலகை) குறுக்குவாட்டில் சுருங்கும். உலோகம் சுருங்காது. அதனால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறும். மேல்பலகையும் பிரிட்ஜுக்கு முன்னால் லேசாகக் குழிந்திருக்கும். அடுத்த கட்டம் விரிசல். உடனே அரத்தால் ராவிவிட்டால், மரம் ஈரம் வாங்கி விரிந்த பிறகு ஃப்ரெட்கள் ஓரத்தை எட்டாமல் குட்டையாக நிற்கும். முதலில் கருவியை, ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஈரப்பதக் குழாயோடு உறையில் மூடி, உள்ளே ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்தில் இரண்டு வாரம் வைத்திருங்கள். அதற்குப் பிறகும் குத்தினால் ராவலாம்.