ராஜா வேஷம் போடப்போகும் தம்பிக்கு

தாடி ஒட்டுவதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடு. தாடியை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் காய்ந்தபிறகு வாயைப் பெரிதாகத் திறந்தால் உதட்டோரம் பிய்ந்துகொள்ளும். டச்சப் முடியும்வரை மொத்த யூனிட்டும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் தாடியை வெடுக்கென்று இழுக்காதே. ரிமூவரில் நனைத்த பிரஷ்ஷை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே விடு. இல்லாவிட்டால் மறுநாள் புண் மேலேயே பசை தடவுவார்கள். அந்த எரிச்சலைப் போர்க்களக் கோபமாக்கி நடித்தவன் சொல்கிறேன், பாராட்டுகூடக் கிடைத்தது!

கவசம் ஃபைபர் என்றால் கனம் குறைவு, ஆனால் காற்று புகாது. உள்ளே பருத்தி பனியன் போடு.

குதிரையில் இடப்பக்கமாக ஏறு. வாள் இடது இடுப்பில் தொங்குவதால், வலது காலைத் தூக்கிப் போடும்போது தடுக்காது.

கைக்கடிகாரத் தடம், தடுப்பூசித் தழும்பு இரண்டையும் மேக்கப்மேனிடம் நீயே காட்டிவிடு. குளோசப்பில் மாட்டினால் ரீடேக்தான்.