பயிற்சிப் பறப்பில் நடுவான் மோதல்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கொழும்புக்கு அருகே ரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழகுகிறவருக்கு வானம் எப்போதும் நெரிசல்தான். வடக்கே கட்டுநாயக்கவில் இறங்கும் ஜெட்கள், ரத்மலானை ஓடுபாதையிலேயே விமானப்படை, ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதையான சேர்க்கிட்டில் மற்றப் பயிற்சி விமானங்கள். மழையும் முகிலும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நடுவான் மோதல்களில் பெரும்பாலானவை பட்டப்பகலில், தெளிந்த வானிலையில், விமான நிலையத்துக்குக் கிட்டவே நடந்திருக்கின்றன.

முதல் தவறு, கண் உள்ளேயே கிடப்பது. டப்லட், மானிகள், செக்லிஸ்ட் என்று மாணவர் குனிய, அவர் கையைப் பார்த்தபடி பயிற்றுநரும் குனிகிறார். வெளியே பார்ப்பதிலும் முறை உண்டு. பார்வையை ஓடவிட்டால் கண் எதையும் பிடிக்காது. பத்துப் பாகையாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு செக்கனாவது நிறுத்த வேண்டும். முன்கண்ணாடியில் நகர்ந்துபோகும் விமானம் மோதாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று பெரிதாகிறதே, அதுதான் நம்மேல் வருவது. அசையாததால்தான் அது கண்ணில் படுவதுமில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கடைசிவரை மறைந்தே இருக்கும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்க ஏறத்தாழ 12.5 செக்கன் போகும் என்பது வழக்கமான கணக்கு. 100 நொட் வேகத்தில் (மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீற்றர்) நேரெதிராக வரும் இரண்டு விமானங்கள் அதற்குள் 1.3 கிலோமீற்றரை விழுங்கிவிடும். அந்தத் தூரத்தில் 11 மீற்றர் இறக்கையுள்ள செஸ்னா 172 என்னும் சிறு பயிற்சி விமானம், முழுநிலவின் அகலமே தெரியும்.

இறக்கை கூரைமேல் இருக்கும் செஸ்னாவில் திரும்பும்போது தாழும் இறக்கை, திரும்பும் பக்கத்தையே மறைக்கும். ஆகவே முதலில் அந்த இறக்கையைச் சற்று உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டமான ஃபைனலில் மேலிருந்து தாழ்-இறக்கை விமானமும் கீழே உயர்-இறக்கை விமானமும் இறங்கினால் இருவருக்கும் மற்றவர் தெரியாது. சேர்க்கிட்டைச் சுருக்கி நேரே ஃபைனலில் புகுவது அதனால்தான் அவ்வளவு ஆபத்து.

விமானத்தின் இருப்பை ரேடியோ சமிக்ஞையால் தெரிவிக்கும் டிரான்ஸ்பொண்டர் ஸ்டான்ட்பையில் கிடந்தால் ஜெட்டின் மோதல் எச்சரிக்கைக் கருவிக்கு நீங்கள் இல்லவே இல்லை. ஓடுபாதையில் ஏறுமுன், உயரத்தையும் அனுப்பும் ஏ.எல்.டி. நிலைக்கு மாற்றுங்கள். உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவான கியூ.என்.எச். ஒரு ஹெக்டோபஸ்கால் பிழைத்தாலே உயரம் ஏறத்தாழ 27 அடி தவறும். பொல்கொட வாவி போன்ற அடையாளங்களுக்கு நேர்மேலே வட்டமடிக்காதீர்கள். மற்றவர்களும் அதைக் குறிவைத்தே வருவார்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் பெருந்தவறு. 1978 செப்டெம்பர் 25இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பயிற்சியிலிருந்த செஸ்னா 172 மீது போயிங் 727 பின்னாலிருந்து மோதி 144 பேர் இறந்தார்கள். செஸ்னா, கட்டுப்பாட்டாளர் கொடுத்த திசையைச் சொல்லாமல் மாற்றியிருந்தது. ஜெட் விமானிகளோ அதைக் கண்டதாகச் சொல்லிவிட்டு, பிறகு பார்வையிலிருந்து தவறியதைத் தெளிவாக அறிவிக்கவில்லை. திசையையோ உயரத்தையோ மாற்றுமுன் ரேடியோவில் கேளுங்கள். கண்ட விமானம் மறைந்தால் அந்தக் கணமே “காணவில்லை” என்று சொல்லுங்கள். மாணவர் வெளியே தெரியாதபடி முகமூடி போட்டுக் கருவிப் பயிற்சி செய்யும் நேரத்தில் பயிற்றுநரின் கண் வெளியேதான் இருக்க வேண்டும். விளக்கம் தரையில் இறங்கிய பிறகு.