அடிபட்டு வரும் சகோதரிக்கு நாம் செய்ய வேண்டியது

எலத்தகிரிப் பக்கம் ஓர் அன்பியத்தை, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவை, பார்த்துக்கொள்கிறேன். செபம் முடிந்தும் கிளம்பாமல், பாயை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே ஒரு பெண் நின்றால், அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ‘பொறுத்துப் போம்மா, சிலுவையைச் சுமக்கணும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இயேசு தம் சிலுவையை விரும்பி ஏற்றார். இவள்மேல் விழுவது அடி. மனைவி பணியட்டும் என்று பைபிளில் எபேசியர் 5ஐக் காட்டுபவர்களை 25ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் அன்பு செய்யச் சொல்லி அங்கே கணவனுக்குத்தான் கட்டளை.

காயம் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனை. ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்ல விடாதீர்கள். யார் அடித்தது என்பது பதிவில் ஏறவேண்டும், பிறகு வழக்கில் அதுதான் பேசும். அப்புறம் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனு கொடுக்கலாம். குடியிருக்கும் வீடு கணவன் பேரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. வக்கீல் செலவுக்குப் பயம் வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாகவே வைத்துத் தரும்.

பங்குச்சாமியாக இருந்தாலும் சரி, அவள் கேட்காமல் புருஷனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசக்கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, நகை அடகுச்சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் வீட்டு பீரோவில் வையுங்கள்.